கணவருக்கு ஆறிய பிளாஸ்திரி, மாமியாருக்கு ஏன் தோலை உரித்தது?

கொங்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 39 வயது வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீண்ட கடிதம். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் அவருடைய கணவர் பைக்கில் சறுக்கி விழுந்தார். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழித்துக்கொண்டது. மருத்துவமனையில் காயத்தைக் கழுவி, டி.டி. ஊசி போட்டு, கண்ணாடித் தாள் போல மெல்லிய ஒரு பிளாஸ்திரியை ஒட்டி அனுப்பினார்கள். அதோடு அவர் குளித்தார், வேலைக்கும் போய்வந்தார். எட்டாம் நாள் பிரித்துப் பார்த்தால் பொருக்கே இல்லாமல் புதுத்தோல் வந்திருந்தது. வியந்துபோன வாசகி, மெடிக்கலில் அதே தாளில் ஒரு பெட்டி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவருடைய மாமியார் மொபெட் ஸ்டாண்டில் காலை இடித்துக்கொண்டார். (வாசகி ‘அத்தை’ என்றே எழுதுகிறார். நானும் அப்படியே சொல்கிறேன்.) முழங்காலுக்குக் கீழே, எலும்பு தட்டுப்படும் முன்பக்கத்தில், இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் போய்விட்டது. அத்தைக்கு 71 வயது. 18 வருடமாகச் சர்க்கரை. வெறும் வயிற்றில் பார்த்தால் 210. மாலையானால் இரண்டு காலும் வீங்கும். மூட்டுவலிக்காகப் பக்கத்து டவுனில் பொட்டலம் கட்டித் தரும் ‘சின்ன வெள்ளை மாத்திரை’யை வருடக்கணக்காகச் சாப்பிட்டு வருகிறார்.

வாசகி காயத்தைத் துடைத்து, ஆன்டிபயாடிக் பவுடர் தூவி, கண்ணாடித் தாளை மேலே ஒட்டினார். மூன்றாம் நாள் தாளுக்கு அடியில் மஞ்சளும் பழுப்புமாகக் கலங்கிய நீர் பைபோலத் தேங்கியது. “சீழ் வெச்சிருச்சு” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் பயந்துபோய், ஓரத்தைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தார். காயத்தை ஒட்டி நன்றாக இருந்த தோலும் ஒரு ரூபாய்க் காசளவு தாளோடு உரிந்து வந்துவிட்டது. “காத்து பட்டாத்தான் புண்ணு காயும்னு அப்பவே சொன்னேன்” என்றார் அத்தை. அன்றிலிருந்து காயத்தைத் திறந்தே விட்டு, பவுடர் மட்டும் போடுகிறார்கள். அத்தை பெரும்பாலும் படுத்தே இருக்கிறார். குதிகால் ஒன்று சிவந்து தெரிகிறது.

வாசகி கேட்பவை: அது சீழ்தானா? நான்தான் கெடுத்துவிட்டேனா? காற்றுப்பட விடுவது சரியா? மீதமுள்ள தாள்களில் ஒன்றைக் குதிகாலில் ஒட்டலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதில் உங்களை வந்தடைவதற்குள் இன்னும் சில நாட்கள் ஓடியிருக்கும். அதனால் மற்ற விளக்கங்களைப் பிறகு படியுங்கள், முதலில் போய் அத்தையின் காலைப் பாருங்கள்.

காயத்தைச் சுற்றி உங்கள் புறங்கையை வையுங்கள். மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறதா? நம் நிறத்துக்குச் சிவப்பு எப்போதும் சிவப்பாகத் தெரியாது. சில சமயம் கருஞ்சிவப்பாகவோ, சுற்றிலும் உள்ள தோலைவிடக் கூடுதல் கருமையாகவோதான் தெரியும். அந்த நிறம் முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நிறமோ வீக்கமோ கோட்டைத் தாண்டியிருந்தால், நாற்றம் வந்தால், கெட்டியான சீழ் வடிந்தால், காயத்தில் கருப்பு தெரிந்தால், குளிரோ காய்ச்சலோ வந்தால், காரணமே இல்லாமல் சர்க்கரை ஏறினால், நாளைக்குப் போகலாம் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். “காய்ச்சல் இல்லையே, வலிக்குதுன்னு சொல்லலையே” என்ற ஆறுதல் சர்க்கரைக்காரர்களிடம் செல்லாது. நரம்பு மரத்துப்போன காலில் தொற்று சத்தமில்லாமல் பரவும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு மருத்துவர் அந்தக் காலை நேரில் பார்த்தாக வேண்டும். சர்க்கரையும் வீக்கமும் உள்ள காலில் பன்னிரண்டு நாளாகியும் மூடாத காயத்தைக் கடிதம் வழியாக மட்டும் வைத்தியம் பார்க்கக் கூடாது. நான் இங்கே எழுதுவது நீங்கள் அங்கே போய்க் கேட்பதற்கான தயாரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மஞ்சள் நீர்

பெரும்பாலும் அது சீழாக இருந்திருக்காது. காயம் பட்ட இடத்தில் உடம்பே ஒரு நீரைச் சுரக்கும். வெள்ளையணுக்களும், செத்த திசுக்களைக் கரைக்கும் நொதிகளும், புதுத்தோல் வளர உதவும் பொருட்களும் அதில் இருக்கும். துணிக்கட்டு போட்டால் துணி அதை உறிஞ்சிக்கொள்ளும், நம் கண்ணில் படாது. கண்ணாடித் தாள் ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாது. அதனால் அந்த நீர் அடியிலேயே தங்கி, இரண்டு மூன்று நாளில் கலங்கி, பார்க்கச் சீழ் மாதிரியே ஆகிவிடும். போதாததற்கு நீங்கள் தூவிய பவுடரும் அதில் கரைந்து சேறாகியிருக்கும். அந்தப் பழுப்பு நிறத்தில் பாதி அதுதான் என்பது என் ஊகம். மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸ்கள்கூட முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு “சார், பஸ் (சீழ்) கலெக்ட் ஆகியிருக்கு” என்று ஓடி வருவதுண்டு.

நீரின் நிறத்தை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு செய்யக் கூடாது. சுற்றியுள்ள தோலின் சூடு, பரவும் சிவப்பு, வீக்கம், நாள்பட நாள்பட ஏறும் வலி, கழுவிய பிறகும் போகாத நாற்றம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டு அக்கா பயந்ததில் தப்பில்லை. ஆனால் தாளைக் கழற்றும் முன் சுற்றிலும் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

அது சீழ் இல்லை என்பதால் அப்படியே விட்டிருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கொஞ்சமாகத் தேங்கினால் விடலாம். பைபோல உப்பி, நல்ல தோலின் மேலும் பரவத் தொடங்கினால் தாளை எடுத்தே ஆக வேண்டும். அந்த நீரில் ஊறும் நல்ல தோல், துணி துவைத்த கைபோல வெளுத்துச் சுருங்கி, தானே புண்ணாகிவிடும். காயம் ஆறுவதற்குப் பதிலாக அகலமாகும். நீர் ஓரத்தை எட்டிக் கசியத் தொடங்கிவிட்டாலோ, உள்ளே இருப்பது வெளியே வர வழி கிடைத்தது போல, வெளியே இருக்கும் கிருமி உள்ளே போகவும் வழி கிடைத்துவிடும். எடுக்க வேண்டிய நேரத்தில்தான் எடுத்தீர்கள். எடுத்த விதம்தான் வேறாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

காற்றுப் பட்டால்தான் ஆறுமா?

அத்தை சொன்னதுதான் நம் ஊரில் எல்லாப் பாட்டிகளும் சொன்னது. 1960கள் வரை மருத்துவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிரிட்டனில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிக்குட்டிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. 1962இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. அடுத்த ஆண்டே ஹின்மன், மைபாக் என்ற இருவர் மனிதத் தோலிலும் இதே போக்கைக் காட்டினார்கள். காரணம் எளிது. திறந்த காயம் உலர்ந்து பொருக்குக் கட்டுகிறது. ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் புதுத்தோல் செல்கள் அந்தக் காய்ந்த பொருக்கைத் துளைத்துப் போக முடியாமல், அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழத்தைத் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஈரமாக இருந்தால் நேராக வழுக்கிக்கொண்டு போய்விடும். காயத்துக்கு வேண்டிய பிராணவாயுவைக் கொண்டுவருவது ரத்தம்தான், வெளிக்காற்று இல்லை.

அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாள். பாலியூரித்தேன் என்ற மெல்லிய பொருளின் ஒரு பக்கம் பசை தடவியிருக்கும். நீராவியும் வாயுவும் அதன் வழியே போய்வரும். தண்ணீரும் கிருமியும் போகாது. ஆப்சைட், டெகாடெர்ம் என்ற பெயர்களில் பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் இருக்கிறது. கையில் டிரிப்ஸ் ஊசி போட்டு மேலே ஒட்டுவார்களே, அதுவும் இதே குடும்பம்தான். தாளை எடுக்காமலேயே ஊசி நுழைந்த இடம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்பதற்காகவே அங்கே அதை ஒட்டுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: “அந்த பிளாஸ்திரியிலேயே மருந்து இருக்கும்னு நெனச்சேன்.” இல்லை. பெரிய ரத்தக்குழாய்களில் மருந்து ஏற்றப் போடும் குழாய்களுக்கென்று (‘லைன்’ என்போம்) கிருமிநாசினி ஜெல் சேர்த்த வகை தனியாக இருக்கிறது. நீங்கள் வாங்கிய சாதாரணத் தாளில் மருந்து எதுவும் கிடையாது. உங்கள் கணவரின் முழங்கையை ஆற்றியது அவருடைய உடம்பு. தாள் ஈரத்தைக் காத்து, அழுக்கையும் சட்டை உரசலையும் தடுத்துக்கொடுத்தது, அவ்வளவுதான். தோலின் நரம்பு நுனிகள் மூடப்பட்டதால் எரிச்சலும் உடனே அடங்கியிருக்கும்.

ஆக, காற்றைப் பற்றி அத்தை சொன்னது சரியில்லை. ஆனால் அவருடைய காலுக்கு அந்தத் தாள் ஒத்துவராது என்று அவருக்குத் தோன்றியது சரிதான். காரணம்தான் வேறு.

ஒரே தாள், இரண்டு காயம்

கணவரின் காயம் மேலோட்டமானது. ஆரோக்கியமான தோல், நல்ல ரத்த ஓட்டம், முதல் ஓரிரு நாளுக்குப் பிறகு அதிகம் நீர் விடாத சிராய்ப்பு. கண்ணாடித் தாளுக்காகவே செய்தது மாதிரி. மருத்துவமனையில் நன்றாகக் கழுவி, கல் மண் இல்லை என்று பார்த்துவிட்டு மூடினார்கள். சிராய்ப்பு, உலர்ந்திருக்கும் தையல் காயம், மருத்துவர் பார்த்து மேலோட்டம்தான் என்று சொன்ன சின்னச் சூட்டுக் காயம் ஆகியவற்றுக்கு அது நல்ல மூடி. தோல் ஒட்டு அறுவை சிகிச்சைக்காகத் தொடையில் தோல் எடுத்த இடத்திலும் நாங்கள் ஒட்டுகிறோம். அங்கேகூட முதல் இரண்டு நாளில் நீர் தேங்கிக் கசிந்து படுக்கை விரிப்பு நனைந்து, நோயாளி எங்களைத் திட்டுவது சகஜம்.

அத்தையின் காலுக்கு வருவோம். வீக்கமுள்ள காலில் காயம் பட்டால், வீக்கத்தின் நீர் முழுக்க அந்த ஓட்டை வழியாக வெளியேறப் பார்க்கும். கசிவு அதிகமுள்ள காயத்துக்கு, உறிஞ்சத் தெரியாத தாளைத் தனியாக ஒட்டக் கூடாது. இது முதல் காரணம். சர்க்கரைக்காரரின் காலில் தொற்று வரும் வாய்ப்பு அதிகம், தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் வரை இருக்கட்டும் என்று ஒட்டும் பொருளைத் தினமும் பிரித்தால் அதனாலேயே தோல் கெடும். இது இரண்டாவது. தொற்று வந்துவிட்ட காயம், ஆழமான குழிப்புண், ஆழமான சூட்டுக் காயம் ஆகியவற்றை இப்படி மூடி அடைக்கவே கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம்: அவருடைய தோல். எழுபது வயதில், அதுவும் முன்னங்காலில், மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்துபோயிருக்கும். காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி. தாளின் பசை தோலைப் பிடிக்கும் வலு, அந்தத் தோலின் இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று பிடிக்கும் வலுவைவிட அதிகமாக இருந்தால் எது பிய்ந்து வரும்? உங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும். குறைமாதக் குழந்தைகளின் தோலுக்கும் இதே ஆபத்து உண்டு.

வெயில் காலமும் ஒரு பங்கு வகிக்கிறது. வியர்வை கொட்டும் உடம்பில் தாளின் ஓரம் தூக்கிக்கொள்ளும், அடியில் ஈரம் சேரும். நெஞ்சுக்குள் செல்லும் ரத்தக்குழாய் லைன்களுக்கே, நோயாளிக்கு அதிகமாக வியர்த்தாலோ அந்த இடத்தில் ரத்தம் கசிந்தாலோ கண்ணாடித் தாளை விட்டுவிட்டு காஸ் துணியால் மூடுங்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டுதல் சொல்கிறது. தாளானால் 7 நாளைக்கு ஒருமுறை, காஸானால் 2 நாளைக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் அதே வழிகாட்டுதல்தான். ஒரு வாரம் தாங்கும் என்ற வசதிக்காக ஒட்டுகிறோம், கத்திரி வெயிலில் மூன்றாம் நாளே ஓரம் சுருண்டுவிட்டால் அந்த வசதி எங்கே இருக்கிறது?

பிரிக்கும் முறை

இதை யாரும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பெட்டியில் சின்ன எழுத்தில் படம் போட்டிருக்கும், யார் பார்க்கிறார்கள்? கண்ணாடித் தாளை மேல்நோக்கி உரிக்கக் கூடாது. ஒரு மூலையை மெல்லக் கிளப்பி, இன்னொரு கை விரலால் பக்கத்துத் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாளைத் தோலோடு தோலாகப் படுக்கை வாட்டில் பக்கவாட்டில் நீட்டி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கத் தாள் நீளும், அடியில் பசை தானாக விட்டுக்கொடுக்கும். கொஞ்சம் விட்டதும் விரலை நகர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். ஒரு தாளைப் பிரிக்க இரண்டு நிமிடம் ஆனால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். பசையைக் கரைக்கவென்றே சிலிகான் ஸ்பிரே கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் நல்ல தோலின் மேலுள்ள ஓரத்தில் லிக்விட் பாரஃபின் சில துளி விட்டுக் காத்திருக்கலாம். எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த தாள் ஒட்டாது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

ஒட்டுவதிலும் தப்பு நடக்கும். தாளை இழுத்து விறைப்பாக ஒட்டினால், அது பழைய அளவுக்குச் சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுத்து ஓரங்களில் கொப்புளம் கிளப்பும். தளர்வாக மேலே போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட வேண்டும். காயத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல, உலர்ந்த தோல் பிடிமானத்துக்கு இருக்க வேண்டும். அடியில் பவுடர், களிம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் கூடாது. எரியும் என்று தெரிந்தும் சிலர் ஸ்பிரிட்டை நேராகக் காயத்திலேயே ஊற்றுகிறார்கள். அதுவும் வேண்டாம்.

நீங்கள் கெடுத்துவிட்டீர்களா என்று கேட்டீர்கள். இந்தத் தோல் உரிதல் மருத்துவமனைகளிலேயே அவ்வளவு சகஜமாக நடப்பதால், மருத்துவப் பசையால் வரும் தோல் காயம் என்று தனிப்பெயர் வைத்து நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். அத்தையிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். போதும்.

இப்போது அந்தக் காலுக்கு

பவுடரை நிறுத்துங்கள். அது காயத்தின் மேல் காரைபோலப் படிந்து, அடியில் நடப்பதை மறைக்கிறது. இந்தப் பவுடர்களில் பலவற்றில் இருக்கும் நியோமைசின் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். அதைத் தொற்று என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தூவுவார்கள். சலைன் கிடைத்தால் அதனால், இல்லாவிட்டால் காய்ச்சி ஆறவைத்த சுத்தமான தண்ணீரால் மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். படிந்திருப்பதைச் சுரண்ட வேண்டாம், நனைந்து தானாக வருவது வரட்டும்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, தோலில் பசை படாத ஒரு கட்டு. அடியில் காயத்தில் ஒட்டாத வலை மாதிரியான டிரெஸ்ஸிங். சிலிகான் பூசியதும் உண்டு, பாரஃபின் தோய்த்த வலைத்துணியும் உண்டு. இரண்டாவது விலை குறைவு, ஆனால் உலரும் முன் மாற்ற வேண்டும். அதன் மேல் நீரை உறிஞ்ச ஒரு பஞ்சுப் பட்டை அல்லது ஃபோம். அதைப் பிடித்து நிறுத்த ரோலர் பேண்டேஜ்; அதன் முனையை பேண்டேஜின் மேலேயே ஒட்ட வேண்டும், தோலில் இல்லை. உரிந்த தோல் இன்னும் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மடங்கிக் கிடந்தால் அதை வெட்டிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உயிருள்ள மடிப்பாக இருந்தால் அதை ஈரப்படுத்தி மெல்லப் பழைய இடத்துக்கு நகர்த்திப் பரப்புவார்கள். அப்படிப் பரப்பினால், அடுத்த முறை எந்தத் திசையில் பிரிக்க வேண்டும் என்று கட்டின் மேல் பேனாவால் அம்புக்குறி போட்டுத்தரச் சொல்லுங்கள். வீட்டில் யார் பிரித்தாலும் தப்பாது.

வீக்கத்தைப் பார்த்துவிட்டு இறுக்கிக் கட்டினால் வற்றிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பல கால் புண்களுக்கு அழுத்தக் கட்டு நல்ல வைத்தியம்தான். ஆனால் பாதத்து நாடி தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் கணுக்காலில் ரத்த அழுத்தமும் அளந்து, ரத்த ஓட்டம் போதுமானது என்று தெரிந்த பிறகுதான். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் ரத்தக்குழாய்கள் அடைத்திருக்கலாம். அந்தக் காலை இறுக்கினால் விரல்களே போய்விடலாம். கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள், ஞாபகம் இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லுங்கள். காயத்தை ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்து வாரம் ஒருமுறை போனில் படம் எடுத்துவையுங்கள். நான்கு வாரத்திலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிச் சுருங்கவில்லை என்றால் டிரெஸ்ஸிங்கை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, ஏன் ஆறவில்லை என்று தேட வேண்டும்.

சர்க்கரை 210 இருப்பது அதற்கு ஒரு பதில். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உங்கள் வீட்டுக்கே ஆள் வந்தால், அவரிடம் இந்தக் காயத்தையும் காட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு பதில் அந்த வெள்ளை மாத்திரையாக இருக்கலாம். இதை நீங்கள் போகிறபோக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கடிதத்திலேயே அதிகம் உறுத்தியது அதுதான். பேரில்லாமல் பொட்டலத்தில் வரும், தின்ற அன்றே மூட்டுவலியைப் பறக்கவிடும் மாத்திரை பல இடங்களில் ஸ்டீராய்டாக இருக்கிறது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் தோல் மெலியும், லேசாகப் பட்டாலே ரத்தம் கட்டும், சர்க்கரை ஏறும், காயம் ஆறத் தாமதமாகும், காய்ச்சல்கூட வெளியே தெரியாமல் போகும். அத்தையின் கைகளில் அடிபடாமலேயே ஊதா நிறத் திட்டுகள் வருகின்றனவா, முகம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஸ்டீராய்டு என்று சந்தேகம் வந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். பொட்டலம் தருகிறவரிடம் மாத்திரையின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. “அவங்க கோவிச்சுக்குவாங்க” என்று அத்தை சொன்னால், நீங்கள் போய்க் கேளுங்கள்.

குதிகாலும் மீதித் தாள்களும்

சிவந்த குதிகாலை விரலால் அழுத்தி எடுங்கள். ஒரு கணம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது, இப்போதே காப்பாற்றிவிடலாம். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் படி. நிறம் சரியாகத் தெரியாவிட்டால் மற்றக் குதிகாலோடு ஒப்பிட்டுச் சூடு, கெட்டித்தன்மை, மெதுமெதுப்பு பாருங்கள்.

அந்த இடத்தில் கண்ணாடித் தாள் ஒட்டும் பழக்கம் மருத்துவமனைகளில் உண்டு, விரிப்பில் உரசாமல் இருக்கட்டும் என்று. உரசலைத்தான் அது குறைக்கும். குதிகாலை அமுக்கிக்கொண்டிருக்கும் காலின் கனத்தை ஒரு தாள் எப்படித் தாங்கும்? அதோடு அத்தையின் தோலில் மறுபடி பசை வேண்டாம். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாட்டில் ஒரு தலையணையை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி செய்யுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். வட்ட வளையம் மாதிரியான மெத்தை வாங்க வேண்டாம், அது சுற்றிலும் அமுக்கி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கச் சொல்லுங்கள். மருத்துவர் பார்த்துவிட்டுச் சரி என்றால் வீட்டுக்குள்ளேயாவது நடக்கட்டும். காயத்துக்குப் பயந்து ஆளைப் படுக்கையில் போட்டால் ஒரு புண் இரண்டாகும்.

மீதித் தாள்களைத் தூக்கி எறிய வேண்டாம். உறை பிரியாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்து எடுத்துவையுங்கள். உங்களுக்கோ கணவருக்கோ சுத்தமான சிராய்ப்பு வந்தால் கழுவித் துடைத்து ஒட்டலாம். அதோடு குழாயடியில் குளிக்கலாம், கிணற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி ஊறக் கூடாது. சமையலறையில் சாப்பாட்டை மூடும் பிளாஸ்டிக் தாள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது நீராவியை வெளியே விடாது, இதற்குப் பதிலாக அதை ஒட்டக் கூடாது.

அத்தையை அழைத்துப் போகும்போது சர்க்கரை அளந்து எழுதிய தாள், காயத்தின் படங்கள், பவுடர் டப்பா, அந்தப் பொட்டலத்திலிருந்து இரண்டு வெள்ளை மாத்திரை, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.